விரல் அறியாத நிறம்

குணசுந்தரியின் இடது கண் எப்போது போனதென்று அவளுக்கே தெரியாது. கேட்டால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும். ஆரணியில் பட்டுப் பாவு, அதாவது தறியில் நெடுக்காக ஓடும் இழைகளை, பிணைப்பவள் அவள். தறியில் தீரப்போகும் பழைய பாவின் ஒவ்வோர் இழையையும் புதுப் பாவின் இழையோடு சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கி ஒட்டவேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. இருபத்தேழு வருடப் பழக்கத்தில் விரலே இழையைத் தேடி எடுத்துவிடும். கண் தன்பாட்டுக்குத் தெருவை வேடிக்கை பார்க்கும். அப்படிப்பட்டவளுக்குக் கண் மங்கினால் எப்படித் தெரியும்?

பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. நினைத்தால் மாத்திரை போடுவாள். கண்முன்னே கறுப்பாக ஏதோ மிதந்தபோது பட்டுத் தூசி என்று துடைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. புருஷன் போன பிறகு பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி உப்புகூடக் கேட்காதவள். அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

போன தை மாதம் நெசவாளி சிவப்பிரகாசத்தின் தறியில் உட்கார்ந்திருந்தாள். அவன் குனிந்து பார்த்துவிட்டுத் திகைத்தான்.

“இன்னாக்கா இது? கரையில பச்சை வர்ற எடத்துல நீலத்தைச் சேத்துக்கினே போறீங்க!”

விரலுக்கு நிறம் தெரியாதே. அவள் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். தறியையே காணவில்லை.

கண் மருத்துவர் ஸ்வர்ணலதா வெகுநேரம் சோதித்தார். இடது கண் இனித் திரும்பாது, வலது கண்ணிலும் அதே வேலை தொடங்கிவிட்டது என்றார்.

“சர்க்கரையால கண்ணுக்குள்ள பொடி ரத்தக்குழாய் எல்லாம் அடைச்சுப்போச்சும்மா. அங்க இருக்கிற செல்லெல்லாம் பட்டினி. அதுங்க ஒரு ரசாயனத்தைக் கசியவிடுது. ரத்தம் வேணும்னு கூப்பிடுற குரல் மாதிரி. பக்கத்துக் குழாயோட செல் அதைக் கேட்டுப் புதுக் கிளை விட்டுக்கிட்டு வருது.”

“வந்தா நல்லதுதானே டாக்டர்?”

“புண்ணு ஆறும்போது நல்லதுதான். இங்க அந்தக் குரல் ஓயவே மாட்டேங்குது. அவசரத்துல வளர்ந்த குழாய், சுவர் மெலிசு. ஒடைஞ்சு ரத்தம் கொட்டுது. அந்தக் குரலை அடக்கத்தான் கண்ணுக்குள்ள ஊசி போடுறோம்.”

கண்ணுக்குள் ஊசி என்றதும் எவரும் வலிக்குமா என்றுதான் கேட்பார்கள். அவள் கேட்டது வேறு.

“அதுங்க வாயை மூடிட்டா பசி பூடுமா டாக்டர்?”

“போகாது. ஊசி பார்வையைக் காப்பாத்தும். சர்க்கரையை நீங்கதான் கட்டுல வைக்கணும். மாசாமாசம் வரணும். சும்மா இருந்தா இந்தக் கண்ணும் போயிடும்.”

திரும்பும் பேருந்தில் குணசுந்தரிக்கு வெட்கமாக இருந்தது. கண்ணுக்கே தெரியாத ஒரு துணுக்கு வருடக்கணக்காகக் கூப்பிட்டிருக்கிறது. அவளோ முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். பட்டினி கிடந்தால் கூப்பிடவேண்டும் என்கிற புத்தி அந்தத் துணுக்குக்கு இருக்கிறது, தனக்குத்தான் இல்லை என்று நினைத்தாள்.

நாலு ஊசி ஆயிற்று. மாத்திரை தவறுவதில்லை. வலது கண் அந்த மட்டில் நிற்கிறது.

நேற்றுக் காலை மறுபடி சிவப்பிரகாசத்தின் தறி. சேலையின் உடல் பகுதிக்கான இழைகளை விரலே முடித்தது. கரை வந்ததும் கை நின்றது. இழையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பச்சையா நீலமா, அடித்துச் சொல்ல முடியவில்லை. முன்பென்றால் குத்துமதிப்பாக ஒட்டிவிட்டு அடுத்த இழைக்குப் போயிருப்பாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“சிவப்பிரகாசம், கொஞ்சம் வாப்பா. எனக்கு இது தெரியல.”