ஆசீர்வாதம் வாத்தியார் அடித்த மணி

பினாங்கு டவுனில் படித்துவிட்டுப் பத்து காவான் என்னும் ஊரின் தோட்டப் பள்ளிக்கு வந்த ஆசீர்வாதம் வாத்தியார், பதினோரு வருடம் ஒரே பொய்க்கு உடந்தையாக இருந்தார். பிள்ளைகள் படிக்கிறார்களா என்று பார்க்க அரசாங்க அதிகாரி வரும் நாளில் மட்டும், மற்ற நாளெல்லாம் கூலிக்குப் புல் வெட்டும் பிள்ளைகளைத் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி முகம் கழுவச் சொல்லி வகுப்பில் உட்கார வைப்பார். வாத்தியார் வாயே திறக்கமாட்டார்.

1934இல் அதிகாரி வகுப்புக்குள் நின்றிருந்தபோது, வாத்தியார் எழுந்து போய் மணியை அடித்தார். பாதிப் பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்தார்கள். மீதிப் பேர் வெளியே ஓடி, விடியற்காலை மணி அடித்ததும் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்பதுபோல் வரிசையாக நின்றார்கள்.

கிராணி பல்லைக் கடித்தார். “என்ன வாத்தியாரே, இதான் நீங்க சொல்லிக் கொடுத்த லட்சணமா?”

“உள்ள இருக்கிறதுங்க நான் சொல்லிக் கொடுத்த பிள்ளைங்க. வெளிய நிக்கிறது நீங்க சொல்லிக் கொடுத்ததுங்க.”