மாதாவுக்குச் சாத்திய கிளிப்பச்சைப் புடவை

காசிமேட்டு இறால் கொட்டகையில் சிலுவையம்மாள் இருபத்தாறு வருடமாக இறால் உரிக்கிறாள். ஐஸ் தண்ணீரிலும் இறால் முள்ளிலும் பட்டுப்பட்டு அவளுடைய விரல்நுனிகள் சொரசொரத்துப் போய்விட்டன. அந்த விரலைப் பட்டின் மேல் வைத்தால் இழை பிடித்துக்கொள்ளும். அதனால் மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறியதிலிருந்து தேர் சுற்றி முடிகிறவரை, பத்து நாள் அவள் கொட்டகைப் பக்கமே போவதில்லை. புளித்தண்ணீரில் கையை ஊறவைப்பாள். எலுமிச்சைத் தோலால் தேய்ப்பாள். விரல்நுனிகளை உப்புத்தாளில் உரசி, முகத்துக்குப் போடுகிற பவுடரை உள்ளங்கையில் பூசிக்கொண்ட பிறகுதான் மாதாவின் புடவையைத் தொடுவாள்.

அந்தக் கோயிலில் மாதாவின் சிலை, சுரூபம் என்பார்கள், நாலடி உயரம். திருவிழா நாட்களில் மக்கள் வேண்டிக்கொண்டு நேர்ச்சையாகக் கொடுத்த புடவைகளைத்தான் சாத்துவார்கள். தேர் அன்றைக்கு எந்தப் புடவை என்பதைக் கொடியேற்றத்தன்று சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். திருவிழா முடிந்ததும் எல்லாப் புடவைகளும் கல்யாணத்துக்கு நிற்கிற ஏழைப் பெண்களுக்குப் போய்ச் சேரும். ஆகவே நேர்ச்சைப் புடவையில் கத்திரி படக்கூடாது. பின் குத்திய ஓட்டை தெரியக்கூடாது. ஐந்தரை மீட்டர் துணியை வெட்டாமல், மூட்டைபோல் பிதுங்கவிடாமல், நாலடிக்குள் அடக்க வேண்டும்.

இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. முன்னால் சாத்திக்கொண்டிருந்த உபதேசியார் மனைவி ஆவடிக்குக் குடிபோனபோது, வேறு ஆள் இல்லாமல் இவள் தலையில் விழுந்தது. எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடை வாசல்களில் நின்று, பொம்மைகளுக்குப் புடவை கட்டுகிறவர்களின் கையையே பார்த்தாள். "இன்னாமா, வாங்கப்போறியா, சும்மா பாத்துகினே கீறியா?" என்று ஒரு கடைக்காரர் விரட்டினார். மறுநாள் எதிர்க்கடை வாசலில் போய் நின்றாள்.

பொம்மைக்குக் கட்டுவது வேறு, சுரூபத்துக்குச் சாத்துவது வேறு என்பது அவளுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது. பொம்மை ஓரிடத்தில் நிற்கும். மாதா தேரில் போவார்கள். சாலைப் பள்ளத்தில் தேர் குலுங்கும்போது மடிப்பு கலையக்கூடாது. கலையாமல் இருந்தால் மட்டும் போதாது என்று சிலுவையம்மாளுக்குத் தோன்றியது. இடது முழங்காலுக்கு மேலே ஒரே ஒரு மடிப்பை மட்டும் லேசாக முன்னால் தள்ளிவிட்டுப் பார்த்தாள். தேர் அசைந்தபோது மாதா ஓரடி எடுத்து வைப்பதுபோல இருந்தது. அந்த மடிப்பு சரியாக வருவதற்கு ஆறு திருவிழா ஆயிற்று. இப்போது அதைப் பார்ப்பதற்கென்றே திருவொற்றியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

"நீ ஜெபமே சொல்றதில்லயாமே?" என்று கொட்டகையில் யாராவது கேட்டால், "வாயால கேக்க எனக்கு வெக்கமா கீது. கையால செய்றேன். அவங்களுக்குப் புரியும்" என்பாள்.

இந்த வருடம் தேர்ச் சீட்டில் வந்த பெயர்: ஞானசெல்வி, கொடுங்கையூர்.

சீட்டை வாசித்ததும் கூட்டத்தில் பாதிப்பேர் சிலுவையம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுடைய புருஷன் சாலமன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பியவன் ஞானசெல்வியின் வீட்டுக்குப் போய்விட்டான். அங்கே ஷைனி என்று ஒரு மகள் பிறந்தாள். நாலு வருடத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலையில் சாலமன் செத்துப்போனான். ஞானசெல்வி இப்போது கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் தரம் பிரிக்கிற வேலைக்குப் போகிறாள். சிலுவையம்மாளுக்குப் பிள்ளைகள் இல்லை.

திருவிழாக் கமிட்டிச் செயலாளர் அம்புரோஸ், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். புடவைப் பையைத் தூக்கிக்கொண்டு அவரே வந்தார்.

"யக்கா, இத்தப் பாரு. கிளிப்பச்ச. சிந்தடிக்கு."

"பாத்தேன்."

"குப்பமேட்டுலேந்து வந்துகீது. இத்தயா மாதாவுக்குச் சாத்துவ? மீஞ்சூர்க்காரங்க காஞ்சிபுரம் பட்டு எடுத்துகினு வந்துகீறாங்க. அரக்குச் செவப்பு. கண்ணுல ஒத்திக்கலாம்."

"சீட்டு எதுக்கு வுயுந்துதோ அத்ததானே சாத்தணும்?"

"சீட்டு வுயுந்துச்சு, இல்லன்னா சொன்னேன்? பிரிக்கசொல்லோ கியிஞ்சிருந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிடு. யாரு வந்து கேக்கப்போறா? ஒனக்கும் மனசு ஆறும்."

"எனக்கு இன்னா ஆறணும்?"

"நானும் இதே தெருவுலதான் கீறேன். எல்லாம் பாத்துகினுதான கீறேன்?"

சிலுவையம்மாள் பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "என் கையில ஒரு நேர்ச்சப் பொடவ கியிஞ்சிதுன்னு ஊரு பேசணுமா? போய் ஜெனரேட்டருக்கு டீசல் கீதான்னு பாரு."

அம்புரோஸ் போன பிறகும் அவளுக்குக் கோபம் தணியவில்லை. அவள் அப்படிச் சொன்னது ஞானசெல்வி மேல் இருந்த பிரியத்தினால் அல்ல. தன் வேலைக்குக் கெட்ட பேர் வரக்கூடாது என்பதனால். அது அவளுக்கே நன்றாகத் தெரிந்தது.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குச் சாமியாரிடம் போனாள். "அவ மேல எனக்கு வெறுப்பு கீது சாமி. இன்னா செஞ்சாலும் போவ மாட்டேங்குது" என்றாள். சாமியார் இளவயதுக்காரர். நிபந்தனை வைக்காத அன்புதான் கிறிஸ்தவ அன்பு என்று சொல்லி, கொரிந்தியர் திருமுகத்தில் அன்பைப் பற்றிய அதிகாரத்தை மூன்று முறை வாசிக்கச் சொன்னார். அவள் எழுத்துக்கூட்டி மூன்று முறையும் வாசித்தாள். அன்பு பொறுமையுள்ளது என்று வந்த இடத்தில் மூன்று தடவையும் நின்றாள். பத்தொன்பது வருடம் போதாதா? வெறுப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. இவருக்கு இன்னா, வாயால சொல்லிட்டுப் போயிடுவாரு, நாலு மணி நேரம் ஏணியில நின்னு பின்னு குத்தப்போறது நானு என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

தேர் அன்று மதியம் கோயிலை ஒட்டிய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். பட்டு சொன்ன பேச்சைக் கேட்கும். இது கேட்கவில்லை. ஐந்தாவது மடிப்பை எடுக்கும்போது முதல் மடிப்பு வழுக்கிக்கொண்டு போயிற்று. துணி கிளிப் போட்டாள். மடிப்புகளுக்கு நடுவே பேப்பர் வைத்து அழுத்தினாள். எடுத்ததும் விசிறிபோல விரிந்துகொண்டது.

"சனியன் புடிச்ச பொடவ!" என்று கத்திவிட்டாள். பிறகு நிமிர்ந்து, "ஒங்கள சொல்லல தாயே" என்றாள்.

இரண்டு மணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு கொசுவம் நின்றது. முழங்கால் மடிப்பும் வந்தது. கடைசியில் முந்தானையை விரித்தாள். மஞ்சள் நூலில் பன்னிரண்டு நட்சத்திரங்கள். இப்போது பெண்கள் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிப் போடுகிறார்களே, அந்த ஆரி வேலை. ஒரு நட்சத்திரம்கூட நேராக இல்லை. பன்னிரண்டும் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தன. நூல் தொளதொளவென்றிருந்தது. பின்பக்கம் மறைய வேண்டிய முடிச்சுகள் முன்பக்கம் துருத்திக்கொண்டிருந்தன.

சிலுவையம்மாள் அதிகம் யோசிக்கவில்லை. முந்தானையை உள்பக்கமாக மடித்து, வெறும் பச்சை மட்டும் தோளில் தெரிகிற மாதிரி சாத்திப் பின் போட்டாள். தள்ளி நின்று பார்த்தபோது கண்ணுக்கு உறுத்தலே இல்லை. அந்தப் புடவையில் இதற்குமேல் யாராலும் செய்ய முடியாது என்று அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

அந்தத் தையல் யார் போட்டது என்று தனக்கு அப்போது தெரியாது என்றுதான் அவள் பிறகு சொன்னாள். ஆனால் கடையில் வாங்குகிற புடவையில் அப்படி முடிச்சு இருக்காது. இருபது வருடம் புடவை தொட்டவளுக்கு அது தெரியாமலா இருக்கும்? அதையும் அவளே சொன்னாள்.

ஐந்து மணிக்கு மாதாவைத் தேரில் ஏற்றினார்கள். பேண்டுக்காரர்கள் ஒரு பாட்டைத் தொடங்கி நிறுத்தினார்கள். அப்போதுதான் ஞானசெல்வி ஆட்டோவில் வந்து இறங்கினாள். கூட ஷைனி. பதினேழு வயது. முதுகோடு சேர்த்து ஒரு தடித்த பெல்ட் கட்டியிருந்தாள். தாடை அப்படியே சாலமன்.

ஞானசெல்வி தேரை அண்ணாந்து பார்த்தாள். ஒரு சுற்று சுற்றி வந்து மறுபடி பார்த்தாள்.

"அக்கா, முந்தான எங்க?"

"யாருக்கு யாரு அக்கா?" என்றாள் சிலுவையம்மாள், திரும்பாமலே. "உள்ள கீது."

"உள்ளன்னா?"

"தையலு கோணலா கீது. வெளிய வுட்டா மாதாவுக்கு நல்லாருக்காது. மடிச்சு உள்ள வுட்டுட்டேன். பொடவ சாத்தியாச்சில்ல? அப்பால இன்னா?"

"அந்தத் தையலுதான் நேர்ச்சயே" என்றாள் ஞானசெல்வி. குரல் உயர்ந்தது. "பொடவ கடையில யாரு வேணா வாங்கலாம். எட்டு மாசம் எம் பொண்ணு இது படுத்த படுக்கயா கெடந்துச்சு. முதுகெலும்புல டிபி. எயுந்து நடந்தா தேர் அன்னிக்கு மாதா தோள்ள போடறேன்னு நேந்துகினு போட்ட நட்சத்திரம். ஒன் கண்ணுக்குக் கோணலு, அதனால மறச்சுட்டியா? என் மேல கீற காண்ட இது மேல ஏன் காட்ற?"

"காண்டுகீண்டுன்ன, நடக்கறதே வேற. வேல சுத்தமா இருக்கணும்னுதான் வச்சேன்."

"வுடும்மா" என்றாள் ஷைனி. "உள்ள இருந்தா இன்னா, மாதாவுக்குத் தெரியாதா?" பிறகு சிலுவையம்மாளிடம், தப்புச் செய்தவள் விளக்கம் சொல்வதுபோல, "மல்லாக்கப் படுத்துகினே போட்டேன் பெரியம்மா. சட்டத்த மூஞ்சிக்கு மேல கட்டித் தொங்கவுட்டு. கைய ஒரு பக்கந்தான் நீட்ட முடிஞ்சிது. அதான் எல்லாம் சாஞ்சிகினு போச்சு" என்றாள்.

சிலுவையம்மாளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. பெரியம்மாவாம். யார் இவளை அப்படிக் கூப்பிடச் சொன்னது? இரண்டு மணி நேரம் வழுக்கிய கொசுவம். அவ்வளவு பாடுபட்டு நின்ற முழங்கால் மடிப்பு. முந்தானையை எடுத்தால் எல்லாம் கலைந்துவிடும். மறுபடி அதே மாதிரி வராது.

"தேர இயுக்கலாமா?" என்று அம்புரோஸ் ஒலிபெருக்கியில் கேட்டார்.

"இரு" என்றாள். "ஏணி கொண்டா."

"இன்னாக்கா? ஆறு மணிக்கு போலீசு ரோட்டத் தொறந்துடுவாங்க!"

"அப்ப சீக்கிரமா கொண்டா."

கூட்டத்தின் நடுவே மாதாவின் உடையைக் கலைக்கும் வழக்கம் இல்லை. தேர்த்தட்டைச் சுற்றி நாலு பெண்கள் போர்வைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு மூலையைச் சொல்லாமலே ஞானசெல்வி பிடித்தாள். சிலுவையம்மாள் உள்ளே ஏறி ஒவ்வொரு பின்னாகக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டாள். ஷைனி பின் டப்பாவைத் தலைக்கு மேலே தூக்கி நீட்டினாள்.

"கையத் தூக்காதடி" என்று பின்களுக்கு நடுவே அதட்டினாள். "முதுகு போயிடப்போவுது. கீய வையி. நா குனிஞ்சு எடுத்துக்கறேன்."

முந்தானை வெளியே வந்தது. கொசுவம் சரிந்தது. அதைத் தூக்கி நிறுத்த முழங்கால் மடிப்பில் இருந்த துணியை எடுக்க வேண்டியதாயிற்று. வேறு வழியில்லை, எடுத்தாள். இருபது நிமிடத்தில் முடிந்தது. இவ்வளவு மோசமாக அவள் எந்த வருடமும் சாத்தியதில்லை. இடுப்பில் துணி உப்பிக்கொண்டிருந்தது. தோளிலிருந்து பன்னிரண்டு நட்சத்திரங்களும் சாய்ந்து இறங்கின. எல்.இ.டி. விளக்கு வெளிச்சத்தில் முடிச்சுகள்கூடத் தெரிந்தன.

போர்வைகள் இறங்கின. திருவொற்றியூரிலிருந்து வந்த பெண்கள் இரண்டு பேர் அவள் காதுபடவே பேசினார்கள்.

"இன்னாடி, மாதா இந்த வருசம் நடக்கவேல்ல? சும்மா நிக்கறாங்க!"

"சிலுவைக்குக் கண்ணு போயிடுச்சு போல. தையலப் பாரேன், கலீஜா கீது."

ஞானசெல்வி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். சிலுவையம்மாள் அவளை ஒரு முறை முறைத்தாள். தையல் என்னுடையது இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அருகிலேயே ஷைனி நின்றுகொண்டிருந்தாள். சிலுவையம்மாள் ஏணியிலிருந்து இறங்கினாள். "ஆமா, இந்த வருசம் சரியா வரல" என்று அந்தப் பெண்களிடம் சொல்லிவிட்டு, பின் டப்பாவை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

தேர் நகர்ந்தது. ராயபுரத்துப் பழைய சாலையின் ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் அண்ணாந்து கொசுவத்தைப் பார்த்தாள். பக்கத்திலேயே ஞானசெல்வி நடந்து வந்தாள். எங்காவது தள்ளிப் போகமாட்டாளா என்று இருந்தது. போகவில்லை. நன்றி என்று ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஜெபமாலையை எடுத்து, அந்த வரிசைக்குத் தானே ஜெபத்தின் முன்பாதியைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள்போல ஒரே மூச்சில், பாதி வார்த்தைகளை விழுங்கி, "அருள்நிறைந்த மரியே" என்று சொல்லி முடித்தாள். சிலுவையம்மாளுக்கு அதையும் பொறுக்க முடியவில்லை. ஜெபத்தைக்கூடவா இவள் ஒழுங்காகச் சொல்லமாட்டாள்?

பாதி ஜெபம் சொல்லியாகிவிட்டது. மீதியைக் கூட நடக்கிறவர்களில் யாராவது சொல்ல வேண்டும். சிலுவையம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு, "புனித மரியே" என்று எடுத்தாள். ஒரு வார்த்தையையும் விடாமல், நிறுத்தி, கடைசிவரை சொன்னாள். ஞானசெல்வி அடுத்ததை ஆரம்பித்தாள்.