அம்மன் பெரிய தெருவுக்குப் போன ஞாயிறு

காலை 6.40, வில்லியனூர். ஆடி மாதம். கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூர் போகும் பேருந்தில் சன்னலோரம் கிடைத்தது. ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர், சீட்டு இருபது ரூபாய். ஓரிடத்தில் உட்கார்ந்தால் எனக்குக் கால் அரிக்கும். ஐம்பது வயதிலும் அது போகவில்லை. ஆனால் இந்தப் பயணம் காலுக்காக அல்ல. பாகூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கலைச்செல்வி, என் கட்டுரைகளின் கையெழுத்துப் படியைப் பொறுமையாகத் தட்டச்சு செய்து தருபவர், போன வாரம் கூப்பிட்டிருந்தார். "எங்க காலனி அம்மன் இந்த வருசம் பெரிய தெருவுக்குள்ள போவுது சார். நீங்களும் வந்து கூட நடங்க."

7.50, பாகூர். ஏரி பாதிக்கு வற்றிக் கிடந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே நான்கு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் பதினைந்து ரூபாய்.

"ஊருக்கா சார், காலனிக்கா?"

"ரெண்டும் ஒரே ஊர்தானே?"

"பேரு ஒண்ணுதான். நிறுத்தற எடம் வேற."

காலனி என்றேன். கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார். ஊர்ப் பெயரை இங்கே எழுதவில்லை. கலைச்செல்வி கேட்டுக்கொண்டார். "நாளைக்கும் அந்தத் தெருவுலதான் சார் நான் பால் வாங்கப் போவணும்."

8.30. அவர் வீட்டில் தேநீர். போன வருடம் நடந்ததைச் சொன்னார். அம்மன் டிராக்டரில் பெரிய தெரு முனைவரை போனது. அங்கே நின்றவர்கள் வழிவிடவில்லை. திரும்பிவிட்டார்கள். அதிகாரிகளிடம் மனு கொடுத்தபோது, "யாரும் தடுக்கல, அவங்களேதான் திரும்பிப் போனாங்க" என்று பதில் வந்தது. காட்டுவதற்கு இவர்களிடம் ஒன்றுமில்லை. இந்த வருடம் அனுமதிக் கடிதம் இருக்கிறது. செல்போனில் நேரலையும் போகப்போகிறது.

"பேப்பரு மாறும் சார். போனு மாறாது."

நேரலையை முதலில் கேட்டவர் அவருடைய அத்தை வேதவல்லி. கல்யாணமாகிப் பாரிஸுக்கு வெளியே ஒரு புறநகருக்குப் போனவர். முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே ஒரு கிழவர் இவர் கையால் சூப் வாங்க மாட்டாராம். கறுப்புக் கை என்பாராம். "இங்க தோலைப் பாத்து நவுர்றாங்க, அங்க தெருவைக் கேட்டு நவுந்தாங்க. நடுவுல ஏரோபிளேன் டிக்கெட்டுதான்டி மிச்சம்," என்று அத்தை சொன்னதைக் கலைச்செல்வி சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

10.20. புறப்பாடு. பாரிஸில் அப்போது காலை ஏழு மணிகூட ஆகவில்லை. டிராக்டரின் முன்கம்பியில் செல்போனைக் கட்டி, படம் தெரிகிறதா என்று பார்த்து, வெயிலில் சூடாகி அணைந்துவிடக் கூடாதென்று திரைப் பக்கம் ஈரத்துண்டைப் போர்த்தினார் கலைச்செல்வி. பிறகு கற்பூரம். பூசாரி ஏழுமலை சந்தனக் கிண்ணத்தோடு சுற்றி வந்தார். ஸ்டியரிங், விளக்குகள், மேளங்கள், என் நெற்றி என்று எதையும் விடவில்லை. செல்போனின் முதுகிலும் ஒரு கை சந்தனம், நடுவே குங்குமம். கருவியும் தெய்வமாகிறது என்று குறிப்பேட்டில் எழுதி, அந்த வரியை நானே மெச்சிக்கொண்டேன்.

11.05. பெரிய தெரு முனை. பத்துப் பன்னிரண்டு பேர் குறுக்கே நின்றார்கள். ஓரமாக ஒரு காவலர், கையில் கடிதத்தின் நகல். டிராக்டர் நின்றது. மேளமும் நின்றது. திரும்பி நடக்க எனக்கு ஒரு ஊர் இருந்தது, இவர்களுக்கு இல்லை.

கலைச்செல்வி முன்னால் போய், திரும்பாமலே பின்னால் கம்பியில் இருந்த செல்போனைக் கைகாட்டினார். "லைவ் போவுது. பிரான்ஸ்ல பாக்கறாங்க. இன்னா சொல்லணுமோ அதைப் பாத்துச் சொல்லுங்க."

முன்னால் நின்ற வெள்ளைச் சட்டைக்காரர் செல்போனைப் பார்த்தார். கை தானாகப் போய் மேல் பொத்தானைப் போட்டது.

"நாங்க இன்னா சொன்னோம்? போங்க. மேளத்த மட்டும் மெதுவா அடிங்க."

"உங்க வூட்டுச் சாவுக்கு அடிக்கச் சொல்லோ யாரும் மெதுவான்னு சொன்னதில்லியேபா," என்றார் மேளக்காரர்.

குறுக்கே நின்றவர்கள் விலகினார்கள்.

இருநூறு அடி இருக்கும் அந்தத் தெரு. பாதிக் கதவுகள் சாத்தியிருந்தன. ஒரு வீட்டுப் பெண் குடத்து நீரை அம்மன் முன் ஊற்றிவிட்டு, நிமிராமல் உள்ளே போனாள். நடுத்தெருவில் மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. மேளம் அதையும் மீறி அடித்தது. யாரும் கூவவில்லை, எல்லோரும் வீடுகளைப் பார்க்காமல் நேராகப் பார்த்து நடந்தார்கள், தினமும் போகிற வழிபோல.

11.45. காலனி திரும்பியதும் கலைச்செல்வி ஈரத்துண்டை எடுத்தார். திரை முழுக்க மஞ்சள். வேறொன்றும் இல்லை.

"மாமா, கேமரா மேலயா சந்தனம் வெச்ச?"

ஏழுமலை கிண்ணத்தைப் பார்த்தார். "அம்மனோட வர்றது எதுவா இருந்தாலும் வெப்பேன். அது கண்ணுன்னு எனக்கு இன்னாமா தெரியும்?"

யாரோ சிரித்து, பாதியில் அடக்கினார். கலைச்செல்வி டிராக்டர் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கு, நீங்க வரவே இல்லன்னு சொல்லுவாங்க. இன்னாத்தக் காட்டுவேன்?" ஏழுமலை பூசியபோது நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். என் கையில் பேனா இருந்தது.

அப்போது பாரிஸிலிருந்து அழைப்பு. ஸ்பீக்கரில் போட்டார்.

"அத்தை, ஒண்ணும் தெரியல இல்ல?"

"ஒரே மஞ்சள்டி. அம்மன் மொகத்தக் கிட்டத்துல காட்டறியேன்னு கும்புட்டுக்கிட்டே இருந்தேன்."

"தெருவுல போனதுக்கு அத்தாட்சியே இல்ல அத்தை."

"யாரு சொன்னது? 'போங்க'ன்னு ஒருத்தன் சொன்னது கேட்டுச்சு. அப்புறம் மில்லு கேட்டுச்சு. சின்னதுல மாவு அரைக்கப் போனா பின்பக்கச் சன்னல்லதான் எங்கள நிக்க வெப்பாங்க. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். இன்னிக்குக் கேட்டது அது இல்ல. முன்பக்கம். நீங்க முன்பக்கமாப் போனீங்க. அதை அழிச்சிடாத."

கலைச்செல்வி எழுந்து, முந்தானையால் சந்தனத்தைத் துடைக்கப் போனார். பிறகு துடைக்கவில்லை. பதிவைச் சேமித்து எல்லோருக்கும் அனுப்பினார், எனக்கும் வந்தது.

2.10, திரும்பும் பேருந்து. அதே இருபது ரூபாய். வில்லியனூரில் தேர் என் வாசல் வழியாகத்தான் போகும். வருடா வருடம் கதவைத் திறந்துவைத்து நிற்பேன். அது எந்த முனையில் திரும்புகிறது, அந்த முனைக்கு அப்பால் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறைகூட எட்டிப் பார்த்ததில்லை. எங்கெங்கோ அலைந்த கால், வாசலிலிருந்து அந்த முனைவரை முந்நூறு அடி நடக்கவில்லை.

செல்போனைக் காதருகே வைத்துப் பதிவை ஓடவிட்டேன். திரையில் மஞ்சள். பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"நெட்டு இல்லியா சார்? படமே வரல."

"இருக்குங்க. மில் வரட்டும்னு காத்திருக்கேன்."