அவருடைய குயிலும் பக்கத்து வீட்டுச் செம்போத்தும்

செம்பூரில் நாங்கள் குடியிருந்த, ஒற்றை அறை வீடுகள் வரிசையாக அமைந்த சாலுக்குப் பின்னால் ஒரு மாமரமும் அதையொட்டிப் பெரிய புதரும் இருந்தன. மரத்தில் குயில், புதரில் செம்போத்து. அறுபதுகளில் டிராம்பே போகும் வழியெல்லாம் பாதிக் காடாகத்தான் கிடந்தது. என் வீட்டுக்காரருக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் நைட் ஷிப்ட். காலையில் வந்து தோசை தின்றுவிட்டுப் படுப்பார். அவர் கண்ணை மூடவும் குயில் தொடங்கும். ஒவ்வொரு கூவலும் முந்தியதைவிட ஒரு படி மேலே ஏறும். உச்சிக்குப் போனதும் இவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லோடு வெளியே ஓடுவார்.

ஒருநாள் எறிந்த கல் புதரில் விழுந்தது. செம்போத்து பதறிக்கொண்டு வெளியே வந்தது. கூடவே பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மாவும் வந்துவிட்டாள்; அண்ணி என்கிற அர்த்தத்தில் பாபி என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். செம்போத்து அவர்களுக்குப் பாரத்வாஜ். காலையில் அதைப் பார்த்தால் நினைத்த காரியம் ஜெயிக்குமாம். மகளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்ததால் தினமும் ஜன்னலில் நின்று அதைத் தேடுவாள்.

குயில் என்று நினைத்துத்தான் எறிந்தேன், இரண்டும் கறுப்பு, இரண்டுக்கும் சிவப்புக் கண், இரண்டும் ஒரே குடும்பம் வேறு என்று இவர் தன் ஃபேக்டரி இந்தியில் சமாதானம் சொன்னார். பாபி விடவில்லை. எங்கள் பறவைக்குச் செங்கல் நிற இறக்கை, தரையில் மரியாதையாக நடக்கும், ஆணும் பெண்ணும் சேர்ந்து கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும். உங்கள் பறவை காக்கைக் கூட்டில் முட்டையைப் போட்டுவிட்டுப் பாடிக்கொண்டு திரிகிறது என்றாள்.

அந்த ‘உங்கள்’ இவருக்குச் சுட்டுவிட்டது. அதுவரை கல்லெறிந்த மனிதர் உள்ளே வந்து, “ஏட்டி, நம்ம குயிலப் பத்திப் பேச இவ யாரு? அவ பறவ கத்துறது காலி பாட்டில்ல ஊதுன மாதிரி இருக்கு” என்றார். அன்றோடு கல் நின்றது. குயில் கூவினால் ஜன்னலை அகலத் திறந்து வைத்து, தூக்கம் சொக்கும் கண்ணோடு, பாபிக்குக் கேட்கும்படி ‘ஆகா’ போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. காலையிலிருந்து செம்போத்தைக் காணோம். பாபி எங்கள் வாசலில் வந்து நின்றாள். கேட்கக் கூச்சம். அண்ணா, கொஞ்சம் பாருங்களேன் என்று மெதுவாகச் சொன்னாள். இவர் முணுமுணுத்துக்கொண்டே புதருக்குள் தவழ்ந்து போனார். அவர் திரும்புவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். புதர் அசைந்தது. முதலில் செம்போத்து நடந்து வந்தது. அதன் பின்னால், தலையெல்லாம் சருகும் கிழிந்த லுங்கியுமாக, கையையும் காலையும் ஊன்றி என் வீட்டுக்காரர்.

மாப்பிள்ளையின் தாயார் பறவையைப் பார்த்துக் கைகூப்பினாள். பிறகு இவரைக் காட்டி, இது யார் என்று கேட்டாள். எங்கள் மதராஸி அண்ணா, பறவைகள்மேல் ரொம்பப் பிரியம் என்றாள் பாபி.

சம்பந்தம் அன்றே பேசி முடிந்தது. பாபி தட்டு நிறையப் பேடா கொண்டுவந்து கொடுத்து, எல்லாம் பாரத்வாஜின் ஆசி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இவர் ஒரு பேடாவை வாயில் போட்டுக்கொண்டார். “அவங்க பொண்ணு பாத்துட்டு இருந்தப்ப பூரா கூவுனது எதாம்? அத மட்டும் சொல்லமாட்டா பாரு” என்றபடி அடுத்த பேடாவையும் எடுத்தார்.