பேகம் குடித்த தண்ணீர்

போன வியாழக்கிழமை மத்தியான பஸ்ஸில் குப்பு மலையிலிருந்து இறங்கி, ஒடுகத்தூரில் நான் இப்போது வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு வந்து நின்றாள். மலையில் நான் முன்பு மருந்து கொடுக்கும் வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரியின் ஆயா பொன்னியின் மகள் அவள். முகம் வாடிப் போயிருந்தது. "இன்னா குப்பு, இந்த வெயில்ல? தண்ணி குடிக்கிறியா?" என்று வழக்கம்போலக் கேட்டேன். அவ்வளவுதான், மேஜையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். "நர்ஸம்மா தவறிட்டாங்க சார். ஆஸ்பத்திரிக்குத் தந்தி வந்துச்சு. அம்மா காலைல பஸ்ஸுக்கே வாணியம்பாடி போய்ட்டாங்க. ஒங்களையும் கூட்டினு வரச் சொன்னாங்க." தண்ணீர் என்றதற்கு ஒருத்தி இப்படி ஏன் அழ வேண்டும் என்று கடை முதலாளிக்கு விளங்கவில்லை. எங்கள் நர்ஸ் மெஹருன்னிசா சிஸ்டரோடு பழகியவர்களுக்கு விளங்கும். பழகாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சிஸ்டர் வாணியம்பாடிக்காரர். அவர் தெருவிலிருந்து ஒரு பெண் நர்ஸ் வேலைக்குப் போனதே அன்றைக்குப் பெரிய பேச்சு. அதிலும் பஸ்ஸே ஒழுங்காக வராத ஜவ்வாது மலைக்கு! கையில் ஒரு குடை, தோளில் ஒரு பை, இவ்வளவுதான் அவருடைய படை. ஊர் ஊராக நடந்தே போவார். பிள்ளை பெற்ற வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லோரும் கேட்பதுபோல ஆணா பெண்ணா என்று கேட்க மாட்டார். "தண்ணி குடிச்சாளா?" என்பதுதான் முதல் கேள்வி. மலையில் மட்டுமில்லை, கீழேயும் எங்கள் பக்கத்தில் அப்போது பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். ஜன்னி வரும், வயிறு பெருத்துவிடும் என்று நாக்கை நனைப்பதோடு சரி. இந்தப் பத்தியத்தின் மேல் சிஸ்டருக்கு இருந்த கோபம் சொல்லி மாளாது. "பெத்தவளுக்கு மொதல்ல தண்ணி. சர்க்கரை குடுக்கறது, பேர் வெக்கிறதெல்லாம் அப்புறம்" என்பார். வீட்டார் பவ்வியமாகத் தலையாட்டுவார்கள். அவர் குடை வளைவு திரும்பியதும் பானையை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள்.

எல்லோரையும்விடப் பிடிவாதக்காரி எங்கள் ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்த பொன்னி. அவளுடைய மூத்த மகள், சிஸ்டர் மலைக்கு வருவதற்கு முன்பே, பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள். தாகத்தில் கெஞ்சினாளே என்று யாருக்கும் தெரியாமல் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தவள் பொன்னிதான். "என் கையாலதான் குடுத்தேன் நர்ஸம்மா. அதான் போய்ட்டா" என்பாள்; சொந்தக்காரர்களிடமும் பிறகு அவளே அதைச் சொல்லியிருந்தாள். அதற்கு மேல் அவளிடம் யார் என்ன பேசுவது? நான் சொல்லப்போகும் சமயத்தில் இளையவள் குப்பு ஏழு மாதக் கர்ப்பிணி. உடம்பும் அப்படியொன்றும் திடமில்லை. இவளையும் காயப்போட்டுவிடுவார்களே என்று சிஸ்டர் தினமும் கவலைப்பட்டார்.

இந்த இடத்தில் பேகம் வந்தாக வேண்டும். பேகம் ஒரு பச்சோந்தி. யாரோ கல்லால் அடித்துப் பின்கால் உடைந்து சாலையோரம் கிடந்ததை சிஸ்டர் பையில் போட்டுக்கொண்டு வந்தார். தீக்குச்சியை வைத்துக் கட்டுப்போட்டார். கால் கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. இனி மரம் ஏறிப் பிழைக்காது என்று, ஆஸ்பத்திரியை ஒட்டியிருந்த தன் குவார்ட்டர்ஸ் வாசலில் இருந்த எலுமிச்சைச் செடியிலேயே அதை விட்டு வைத்தார். "ரெண்டடி வெப்பா, நிப்பா, யோசிப்பா. எங்க பெரியம்மா நடக்கிற மாதிரியே இருக்குது" என்று சொல்லி, பேகம் எனப் பேரும் வைத்தார். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் பேகம் திரும்பியும் பார்க்காது. இலையில் தெளித்தால்தான், தொங்கும் சொட்டைப் பார்த்துக் குடிக்கும். அதனால் காலையும் மாலையும் செடி முழுக்கத் தெளிப்பார்.

அந்த வருஷம் ஒரு வாரப் பயிற்சிக்காக சிஸ்டர் வேலூர் போக வேண்டி வந்தது. தெளிக்கும் வேலையை என்னிடமும் பொன்னியிடமும் ஒப்படைத்துவிட்டுப் போனார். அவர் போன இரண்டாம் நாள் பேகம் செடியை விட்டு இறங்கி, அடியில் மண்ணைத் தோண்ட ஆரம்பித்தது. மாலைக்குள் இருபதுக்கு மேல் வெள்ளை முட்டைகள். பொன்னி கையைத் தட்டிச் சிரித்தாள். "நர்ஸம்மா இல்லாதப்போ பிரசவம் பாத்துட்டோம் சார்!" அடுத்த நிமிஷமே முகம் மாறி, நான் கையில் எடுத்த தண்ணீர்ச் சொம்பைப் பிடுங்கிக்கொண்டாள். "இன்னா சார் நீங்க, புள்ள பெத்த உடம்பு! தண்ணி பட்டா ஜன்னி வந்துடும்." பேகத்தைக் கூடையில் வைத்து, துணி போட்டு மூடி, உள்ளறையின் இருட்டு மூலைக்குக் கொண்டுபோனாள். சாம்பிராணிப் புகையும் உண்டு. மருந்து படித்துச் சான்றிதழ் வாங்கியவன் நான். என்ன செய்தேன் தெரியுமா? சரிதான் என்று தலையாட்டினேன். ஒரு நாளைக்கு ஒரு வெட்டுக்கிளியைக் கூடைக்குள் போட்டதோடு என் பொறுப்பு முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

ஐந்து நாள் கழித்து சிஸ்டர் வந்தார். கூடையைத் திறந்தார். பேகத்தின் கண் இரண்டும் குழி விழுந்து மூடியிருந்தன. தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. போட்ட வெட்டுக்கிளியெல்லாம் அப்படியே இருந்தன. விரலை நீட்டினால் இறுக்கிப் பிடிக்கும் கால்கள் பிடியில்லாமல் நடுங்கின. சிஸ்டர் என்னைப் பார்த்தார். "தண்ணி குடிச்சாளா?" என்றார். பொன்னிதான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள்: "ஒரு சொட்டு காட்டல நர்ஸம்மா. பத்திரமாப் பாத்துகினேன்." சிஸ்டர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ பேகத்தைக் கொண்டுபோய் எலுமிச்சைச் செடியில், இளவெயில் படும் கிளையில் வைத்தார். பிடி இல்லாததால் மெல்லிய கட்டுத்துணியால் கிளையோடு தளர்வாகச் சுற்றினார். பிறகு ஆஸ்பத்திரிக்குள் போய், காலி குளுக்கோஸ் பாட்டில் ஒன்றையும் அதன் குழாயையும் எடுத்து வந்தார்.

பாட்டிலில் நல்ல தண்ணீரை நிரப்பி ஜன்னல் கம்பியில் மாட்டி, குழாய் முனையைப் பேகத்தின் தலைக்கு மேலிருந்த இலையில் கட்டினார். சொட்டு... சொட்டு... ஒவ்வொரு சொட்டும் இலை நுனிக்கு வந்து தொங்கி விழுந்தது. பச்சோந்திக்கு குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள் என்ற செய்தி மலை முழுக்கப் பரவிவிட்டது. மருந்து வாங்க வராதவர்கள்கூட வேடிக்கை பார்க்க வந்தார்கள். வாரம் இருமுறை வரும் டாக்டர், "இது தேறாது சிஸ்டர், மனுஷங்களைக் கவனிங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். "மனுஷங்களைத்தான் சார் கவனிக்கிறேன்" என்றார் சிஸ்டர். எனக்கும் அப்போது அது புரியவில்லை.

அது ரம்ஜான் நோன்பு மாதம். விடியற்காலையிலிருந்து பல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல், வேலை ஒழிந்த நேரமெல்லாம் அந்தச் சொட்டுகளுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பொன்னிக்குப் பொறுக்கவில்லை. "நீங்க தண்ணி இல்லாம கெடக்கறீங்க, நல்லாத்தான் கீறீங்க. அதுக்கு மட்டும் இன்னாத்துக்கு ஊத்தறீங்க?" சிஸ்டர் குழாயைச் சரிசெய்தபடியே சொன்னார்: "நான் புள்ள பெக்கலியே பொன்னி. பெத்தவளுக்கு எங்க மார்க்கத்துல நோன்பே கெடையாது. அல்லாவே அவளைக் குடின்னு சொல்றான். நாம யாரு பானையை மூட?" பொன்னி கூட்டிக்கொண்டிருந்த இடத்தையே மறுபடி கூட்டினாள்.

மறுநாள் காலை. ஒரு சொட்டு இலையிலிருந்து வழுகிப் பேகத்தின் மூக்கில் விழுந்தது. ஒரு கண் திறந்தது. அடுத்த சொட்டுக்கு வாய் அசைந்தது. அப்புறம் பாருங்கள், நிறுத்தவே இல்லை. தலையைத் தூக்கித் தூக்கி, முக்கால் மணி நேரம் குடித்தது. எனக்கு என் மனைவியின் ஞாபகம் வந்துவிட்டது. மூத்தவன் பிறந்தபோது என் அம்மா அவளுக்குத் தண்ணீர் தரவில்லை. முகம் துடைக்கக் கொடுத்த ஈரத்துணியை அவள் யாரும் பார்க்காதபோது வாயில் வைத்து உறிஞ்சினாள். நான் பார்த்தேன். பார்த்தும் வெளியே போய்விட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அவளிடம் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "இதை நீங்க சொல்றதுக்கு ஒரு ஓணான் வரணுமா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பேகம் குடிப்பதைப் பொன்னியும் கடைசிவரை நின்று பார்த்தாள். கையில் துடைப்பம் அப்படியே இருந்தது. "அப்போ, என் பெரியவ..." என்றாள். சிஸ்டர் எழுந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். "அவளுக்கு வந்தது வேற காய்ச்சல் பொன்னி. தண்ணியால வரல. தாகத்தோட கெடந்த புள்ளைக்கு நீ ஒரு சொம்பு குடுத்தே பாரு, அந்த வூட்ல அவளுக்கு நடந்த ஒரே நல்லது அதான்." பொன்னி அன்றைக்கு அழுத அழுகை வேறு மாதிரி. அத்தனை வருஷமாக அவள் சுமந்ததை இறக்கிவைத்த அழுகை.

அதற்கப்புறம் எல்லாம் ஏறுமுகம்தான். முட்டைக்கே சத்தையெல்லாம் கொடுத்துவிட்டதால்தான் கால் நடுங்குகிறது என்று சொல்லி, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் கால்சியம் மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, காதுக்கு மருந்து விடும் சொட்டுக் குழாயால் அதன் வாயோரம் விட்டார் சிஸ்டர். பொடித்தது நான். இம்மியும் கட்டியில்லாமல் பொடித்தேன், பாவம் செய்தவன் அல்லவா! நடுக்கம் குறைந்தது. கால் கிளையைப் பிடித்தது. கட்டுத்துணியை அவிழ்த்தோம். ஆறாம் நாள் பொன்னியே ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து வந்து, அதே மாத்திரைப் பொடியில் புரட்டி, ஒரு முழம் தள்ளி நீட்டினாள். பேகம் இரண்டு கண்ணையும் அதன்மேல் திருப்பியது. நாக்கு போனதையும் வந்ததையும் யாரும் பார்க்கவில்லை. பொன்னியின் விரலில் வெட்டுக்கிளி இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் மருந்துச் சீட்டோடு நின்றவர்கள் அத்தனை பேரும் கைதட்டினார்கள். முட்டைகள் ஒன்றும் பொரிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். "தாய் பொழைச்சாளே, அது போதும்" என்றார் சிஸ்டர்.

இரண்டு மாதம் கழித்து குப்புவுக்கு வலி கண்டது. பிரசவம் வீட்டில்தான். சிஸ்டர் உள்ளே, நான் மருந்துப் பையோடு வெளியே. பத்து மணி வெயிலில் குழந்தை அழும் சத்தம் கேட்டது. சிஸ்டர் வாயைத் திறக்கும் முன்பே பொன்னி ஒரு சொம்பு நிறையத் தண்ணீரோடு உள்ளே நுழையப் போனாள். சொந்தக்காரப் பெண்கள் வாசலை மறித்துக்கொண்டு கத்தினார்கள். "ஒருத்தியை ஊத்திக் கொன்னது பத்தாதா?" என்று ஒருத்தி கேட்டே விட்டாள். பொன்னி அசையவில்லை. "அவ சாவுக்குத் தண்ணி காரணமில்ல. ஒரு பச்சோந்தி குடிச்சுப் பொழைச்சதை என் ரெண்டு கண்ணால பாத்தேன். என் பொண்ணு குடிப்பா. நவுருங்கடி!" நகர்ந்தார்கள். குப்பு அந்தச் சொம்பைக் கீழே வைக்காமல் குடித்து முடித்தாள். ஜன்னியும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. நாற்பதாம் நாள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவளே ஆஸ்பத்திரிக்கு நடந்து வந்தாள். அதற்கப்புறம் பிரசவ வீடுகளுக்கு சிஸ்டர் போகும் முன்னால் பொன்னி போக ஆரம்பித்தாள். பானையை உள்ளே எடுத்து வைக்கும் வேலை மலையில் வீடு வீடாக நின்றது.

பேகம் இன்னும் இரண்டு வருஷம் அந்தச் செடியில் யோசித்து யோசித்து நடந்தது. சிஸ்டர் ஓய்வு பெற்று வாணியம்பாடிக்குத் தங்கை வீட்டுக்குப் போனார். நான் ஒடுகத்தூருக்கு இறங்கிவிட்டேன். அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது தண்ணீர் பற்றிய அந்த ஒரு கேள்விதான். கடைக்கு யார் சீட்டோடு வந்தாலும், மாத்திரையை எடுக்கும் முன் வாயில் அதுதான் வருகிறது. அது எனக்கு மட்டும் வந்த பாகம் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தேன்.

அந்த வியாழக்கிழமை நானும் குப்புவும் வாணியம்பாடி போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. வாசலில் ஆண்களோடு உட்கார்ந்தேன். திறந்த கதவு வழியே உள்ளே பெண்கள் தெரிந்தார்கள். காலையிலிருந்து அழுது சோர்ந்து சுவரில் சாய்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவே, யாரென்றே தெரியாத வீட்டில், அவர்கள் பேசும் உருது ஒரு வார்த்தையும் தெரியாத பொன்னி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தர் முன்னாலும் குனிந்து நின்றாள். "மொதல்ல தண்ணி குடிங்கம்மா. அழுவறது அப்புறம்." ஒருவர்கூட மறுக்கவில்லை. சிஸ்டரின் தங்கை இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக் குடித்தார். உள்ளே எல்லோருக்கும் கொடுத்து முடித்துவிட்டு, பொன்னி படி இறங்கி என்னிடம் வந்தாள்.

"நீங்க குடிச்சீங்களா சார்?"

குடிக்கவில்லை. வாங்கிக் குடித்தேன்.