மரியாதையாக எரித்த கொடிகள்

1991 தொடக்கத்தில், வளைகுடாவில் போர் நடந்த வாரங்களில், என் அக்கா ராஜபாளையத்தில் அமெரிக்கக் கொடி தைத்துக்கொண்டிருந்தாள். நான் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு மதுரை நாளிதழின் நிருபர். கோர்ட், தாலுகா ஆபீஸ், கோயில், விபத்து. இவைதான் என் செய்திகள்.

அக்கா அதுவரை கடைகளுக்கு உள்பாவாடை தைத்துக் கொடுத்தவள். மதுரையிலிருந்து வந்த ஏற்றுமதி ஏஜெண்ட் அவள் தையலைத் திருப்பிப் பார்த்தார். ஓரம் மடித்த விதம் பிடித்துப்போய், வீட்டுக்குப் பின்னாலிருந்த ஓட்டுக் கொட்டகையில் ஒன்பது பவர் மிஷின்களை இறக்கினார். மிஷின்கள் அவருடையவை. முதல் சரக்கு தேறினால் அவை அங்கேயே இருக்கும், வருஷம் முழுக்க வேலை வரும். தேறாவிட்டால் லாரி வரும். இதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. அத்தான் வேலை பார்த்த மில் மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

சரக்கு என்பது கையில் பிடித்து ஆட்டுகிற சிறு கொடி. ஜூலை நான்காம் தேதி அங்கே ஊர் ஊராக ஊர்வலம் போகும். தெருவோரம் நிற்பவர்கள் ஆட்டுவார்கள். கப்பலில் போய்ச் சேர நாளாகும் என்பதால் பங்குனிக்குள் பெட்டிகள் தூத்துக்குடிக்குப் போய்விட வேண்டும். வெள்ளைத் துணியில் சிவப்புக் கோடுகளையும் நீலக் கட்டத்தையும் அச்சடித்துக் கொடுத்தவர், தேர்தல் நேரத்தில் கட்சிக் கொடி அச்சடிப்பவர். “நம்ம ஊர்ல ஒரு கட்சிக்கு ஒரு நட்சத்திரம் போதும். இவியளுக்கு அம்பது. எம்புட்டுப் பெரிய கூட்டணியோ” என்றார்.

வேலைக்கு வந்த ஒன்பது பெண்களில் மூத்தவள் சேத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். ஐம்பது வயதிருக்கும். மிஷினை நிறுத்தாமலே பேசுவாள்.

“தம்பி, என்ன திருவிழாவுக்கு இது?”

“அவங்களுக்குச் சுதந்திர தினம்.”

“யார்ட்ட இருந்து வாங்குன சொதந்திரம்?”

“வெள்ளைக்காரன்ட்ட இருந்துதான்.”

“அவியளே வெள்ளைக்காரவியதான.”

“ஆமா.”

“அப்ப அண்ணன் தம்பி சண்டை. பாகம் பிரிச்சதுக்கா வருசா வருசம் இம்புட்டுக் கொடி?” என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். தளவாய்புரத்துப் பெண் ஒருத்தி, “முட்டாய் குடுப்பாவளாண்ணே?” என்று கேட்டாள். வாணம் விடுவார்கள் என்றேன். சிவகாசியிலிருந்தா போகிறது என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

எனக்கு அந்தக் கொட்டகையில் அதிக நேரம் நிற்க முடியவில்லை. காலையில் என் மேசைக்கு வரும் பேப்பர் முழுக்கக் குண்டு விழுந்த ஊர்கள். பஸ்ஸில், டீக்கடையில், கோர்ட் வராந்தாவில் எல்லோரும் அமெரிக்காவைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் தலையாட்டிவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தால், கயிற்றில் வரிசையாக அந்தக் கொடி காயும். தெருவில் யாராவது கேட்டால் ஏற்றுமதித் துணி என்று மட்டும் சொல்லச் சொல்லியிருந்தேன். வாசல் கதவை அக்கா சாத்தியே வைத்திருந்தாள்.

பிப்ரவரி நடுவில் ஏஜெண்டிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அக்கா அதை எனக்காக எடுத்து வைத்திருந்தாள். டேமேஜ் ஆன கொடிகளைப் பற்றியது. நீலம் கசிந்தது, நட்சத்திரம் அழிந்தது என்று அப்படி ஒரு கூடை சேர்ந்திருந்தது. எங்கள் ஊரில் பருத்தித் துணியில் எதுவும் வீணாகாது. தலையணை உறையாகும், ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் துடைக்கப் போகும். அந்தக் கூடையை யார் யார் எடுத்துக்கொள்வது என்று ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். நான் கடிதத்தைத் தமிழில் சொன்னேன். பழுதான கொடி எதுவும் வெளியே போகக் கூடாது. தரையில் போட்டு மிதிக்கக் கூடாது. மடித்து, மரியாதையுடன் எரிக்க வேண்டும். எரித்ததற்குப் புகைப்படம் அனுப்ப வேண்டும்; அது வந்த பிறகுதான் சரக்கு தேறியதாகக் கணக்கு. வெள்ளிக்கிழமைக்குள் படம் வேண்டும்.

“எரிக்கவா? நல்ல துணியவா?” என்றாள் அக்கா.

“கொடி பழசாகிட்டா அவங்க அப்படித்தான் செய்வாங்களாம். அதுதான் மரியாதையாம்.”

சேத்தூர்க்காரி மிஷினை நிறுத்தினாள். “கிழிஞ்ச சாமி படத்தக் கெணத்துல விடுதோம்லா. நமக்குத் தண்ணி, அவியளுக்குத் தீ. இதுல என்ன இருக்கு” என்றாள். பிறகு, “எம் பேரன் தொட்டில்ல விரிக்க நாலு கேட்டு வச்சிருந்தேன். போவட்டும்” என்றாள்.

அவளுக்கு உடனே புரிந்த விஷயம் எனக்கு நிம்மதி தரவில்லை. அந்த மாதம் பேப்பரில் அமெரிக்கக் கொடி எரிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

வியாழக்கிழமை காலை எரிப்பது என்று முடிவானது. அன்று எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வாசலில் வேலை. போரைக் கண்டித்து அங்கே ஆர்ப்பாட்டம். முப்பது பேர் இருந்தார்கள். சார்ட் பேப்பரில் கலர் பென்சிலால் வரைந்த கொடி. நட்சத்திரம் பதினொன்று, எண்ணினேன். காற்றில் மூன்றாவது தீக்குச்சிக்குத்தான் பிடித்தது. போலீஸ் ஜீப் தள்ளி நின்றது, யாரையும் பிடிக்கவில்லை. பன்னிரண்டு வரி எழுதி அனுப்பினேன்.

அக்கா வீட்டில் எரிப்பதைப் படமெடுக்க ராஜபாளையத்து ஸ்டூடியோக்காரரிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன். “பத்து மணிக்குப் போங்க. ரெண்டு படம் போதும். பிரிண்ட் அவசரம்.” இதற்கு மேல் சொல்லவில்லை. எவ்வளவு குறைவான பேருக்குத் தெரிகிறதோ அவ்வளவு நல்லது என்று நினைத்தேன்.

நாலு மணிக்கு ஸ்டூடியோவில் போய் நின்றேன்.

“படம் ரெடியா?”

“மூணு மணி பஸ்லயே குடுத்து விட்டாச்சு சார். நீங்க வார வரைக்கும் வச்சிருந்தா நாளைக்குப் பேப்பர்ல எப்படி வரும்?”

அவர் மேல் தப்பில்லை. நான்கு வருஷமாக அதுதான் எங்கள் ஏற்பாடு. நான் சொன்ன இடத்தில் படமெடுப்பார், கழுவிக் கவரில் போட்டு மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுப்பார், அங்கே எங்கள் ஆபீஸ் ஆள் வாங்கிக்கொள்வார்.

“பின்னால எதுவும் எழுதுனீங்களா?”

“எப்பவும் எழுதுறதுதான. ராஜபாளையம், பெண்கள், அமெரிக்கக் கொடி எரிப்பு. சரியாத்தான எழுதியிருக்கேன்?”

“சரியாத்தான் எழுதியிருக்கீங்க.”

எஸ்.டி.டி. பூத்தில் ரிசீவரை எடுத்து, திரும்ப வைத்தேன். ஒரு படத்தைப் போடாதீர்கள் என்று நிருபர் போன் செய்தால், டெஸ்கில் இருப்பவர்கள் முதலில் அந்தப் படத்தைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

அது எல்லா ஊரிலும் நின்றது. கிருஷ்ணன்கோவிலில் ஒரு மூட்டை இறக்கக் கால் மணி நேரம். கல்லுப்பட்டியில் டிரைவர் டீ குடிக்கப் போனார். நான் இறங்கி பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே நின்றேன். நாளைக் காலை படம் வந்தால் ஏஜெண்ட் பார்ப்பார். மரியாதைக்கு என்று அவர் கேட்ட படத்தைப் போராட்டமாக ஊரே பார்க்கும். போலீஸ் வந்து கேட்கும். கேட்டால், அங்கே தைப்பது என்ன என்று தெரிந்துவிடும். பிறகு கோர்ட் வாசலில் நின்ற முப்பது பேரும் அக்கா வாசலுக்கு வருவார்கள். லாரி அதற்கு முன்னாலோ பின்னாலோ வரும். திருமங்கலம் வருவதற்குள் மூன்று பொய்கள் தயார் செய்தேன். பழைய படம். நம் ஊர்ப் படமல்ல. எரிந்தது கொடியே அல்ல, பாவாடைத் துணி. மூன்றிலும் ஓட்டை எங்கே என்று எனக்கே தெரிந்தது.

ஆபீஸில் செய்தி ஆசிரியர் மேசை விளக்கின் கீழே அந்தப் படத்தை வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாய்யா. ஒனக்கு போன் போடணும்னு இருந்தேன். இதுல என்னமோ சரியில்ல. செருப்பப் பாத்தியா?”

அப்போதுதான் நான் படத்தையே முதல் முறை பார்த்தேன். நடுவில் சின்னத் தீ. சுற்றி அக்காவும் ஒன்பது பெண்களும். இடது ஓரத்தில், சுவரை ஒட்டி, பத்து ஜோடிச் செருப்புகள் வரிசையாக.

“எதிர்ப்புக் காட்ட வந்தவ செருப்பக் கழட்டி வரிசையா வைப்பாளா? கொடிய அதால அடிப்பா. இங்க பாரு, ஒருத்தி கும்பிட்டுக்கிட்டு நிக்கிறா. என்னய்யா நடந்துச்சு?”

செருப்பைக் கழற்றச் சொல்லிக் கடிதத்தில் இல்லை. நானும் சொல்லவில்லை. மரியாதை என்ற சொல்லைக் கேட்டு அவர்களே செய்தது அது. அதற்கு மேல் என் மூன்று பொய்களுக்கும் இடமில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அப்ப இது அதவிட நல்ல செய்தி. முதல் பக்கம் போகும்.”

அப்படித்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

“போட்டா அக்காவுக்கு மிஷின் போயிரும். ஒன்பது பேருக்கு வேலை போயிரும்.”

“செய்தி உண்மையா, இல்லையா?”

“உண்மை.”

“இதே வேற ஒருத்தரோட அக்காவா இருந்தா?”

“எழுதியிருப்பேன்.”

அவர் படங்கள் பதிகிற நோட்டை இழுத்து, ராஜபாளையம் என்று எழுதி, எதிரே ‘தெளிவில்லை’ என்று எழுதினார். படத்தை என் பக்கம் தள்ளினார். “பொய் சொல்லுவன்னு எதிர்பாத்தேன். சொல்லல. இன்னொரு தடவ இப்படி வந்து நிக்காத” என்றார். நான் நன்றி சொன்னேன். அவர் அடுத்த படத்தை விளக்கின் கீழே வைத்தார். அதற்குப் பிறகு என் செய்திகளைச் சில வாரங்கள் வழக்கத்தைவிட அதிகமாக வெட்டினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஏஜெண்ட் ஆபீஸ். போகிற வழியில் ஒரு ரப்பர் வாங்கிப் பின்பக்க எழுத்தை அழித்தேன். பென்சில் போனது, அழுத்தி எழுதிய தடம் போகவில்லை. ஏஜெண்ட் முன்பக்கத்தை மட்டும் பார்த்து ஃபைலில் குத்தினார். சரக்கு தேறியதா என்று கேட்டேன். தேறியது என்றார். மிஷின்கள் இருக்கும் என்பதை எழுதித் தரச் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இரண்டு வரி டைப் அடித்துக் கொடுத்தார்.

கொட்டகையில் அக்கா அந்தத் தாளை வாங்கி, திருப்பி என்னிடமே கொடுத்தாள். படித்து அர்த்தம் சொன்னேன்.

“ஏலே, மறுபடி வாசி.”

மறுபடி வாசித்தேன். அவள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒன்பது பேரும் மிஷினில் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் அன்றைய பேப்பர் பிரிந்து கிடந்தது, ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாக.

“தம்பி, போட்டோ எடுத்தாரே, பேப்பர்ல வரலியே” என்றாள் சேத்தூர்க்காரி. “கோர்ட்டு வாசல்ல எரிச்சது வந்திருக்கு. நாங்க எரிச்சதுதான் இல்ல. எங்க வீட்ல எல்லாத்துட்டயும் சொல்லிட்டு வந்துட்டேன்.”

“படம் தெளிவா இல்ல” என்றேன்.

“எம் மூஞ்சியாவது விழுந்துச்சா? நாந்தான் கும்பிட்டுட்டு நின்னேன்.”

“விழுந்துச்சு.”

“பொறவு எப்படித் தெளிவா இல்லங்காவ” என்று பக்கத்துப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டே அவள் ஊசியில் நூலைக் கோத்தாள்.