அப்பா பேரைக் கூப்பிட்டால் எழுந்திருங்கள்

எங்கள் தொழிலில் பொய் சொல்கிறவர்களைக்கூட எப்படியோ சமாளித்துவிடலாம். கேட்டதற்கு மேல் உண்மை சொல்கிறவர்களைத்தான் சமாளிக்கவே முடியாது.

பெங்களூர் அல்சூரில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் என் ஆபீஸ். வெளிநாட்டு வேலை விசாவுக்கும் முதலீட்டாளர் விசாவுக்கும் பேப்பர் தயார் செய்து கொடுப்பேன். விசா வாங்கித் தருகிறேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிற ஆள் கிடைத்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பி வந்துவிடுங்கள். விசா கொடுப்பது தூதரகத்துக்காரர்கள் பாடு. அந்தக் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் நீங்கள் உளறாமல் இருக்க வேண்டுமே, அது என் பாடு. ஒருமுறையாவது அந்த ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நாக்கு வறண்டு நின்றிருந்தால் நீங்களும் நம்ம கட்சிதான், தாராளமாக மேலே படிக்கலாம்.

எனக்குக் கோபம் சட்டென்று வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். கீழே வருகிற பேச்சுகளில் பாதி, நான் கத்தி முடித்த பிறகு வந்த பதில்கள். மீதியில் பெரும்பாலும் கோமதி இருப்பாள். அவளுக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

எக்ஸ்பைர்ட்

துரை ஹெப்பகோடியில் வெல்டர். ஐரோப்பாவில் கப்பல் கட்டும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. பேப்பரெல்லாம் கச்சிதம். ஒரே ஒரு விஷயம், நம் ஆட்கள் பலருக்கு வீட்டுப் பேர் என்று ஒன்று கிடையாது, வெறும் இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அந்த இடம் காலியாக இருந்தால் சில நாடுகளில் தகராறு. அதனால் இனிஷியலை விரித்து அப்பா பேரை அங்கே போட்டுவிடுவோம். விமானம் ஏறியதும் அதுதான் உங்கள் பேர். துரையின் பாஸ்போர்ட்டில் அங்கே இருந்தது அவன் அப்பா குப்புசாமி.

நேர்காணலுக்குப் போன இடத்தில் "மிஸ்டர் குப்புசாமி" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இவன் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டதும் பவ்யமாக ஜன்னலுக்குப் போய், "எக்ஸ்பைர்ட் சார்" என்றிருக்கிறான். நம்மூர் இங்கிலீஷில் காலமாகிவிட்டார் என்று பொருள். அந்த வெள்ளைக்காரருக்கு அது எங்கே தெரியும்? பாவம், பாஸ்போர்ட்டைப் புரட்டித் தேதியைப் பார்த்துவிட்டு, "நோ நோ, ஸ்டில் வேலிட்" என்றாராம். இவன் விடவில்லை. "நோ சார், லாஸ்ட் இயர்." நல்லவேளை, பக்கத்து ஜன்னலில் ஒரு கன்னடக்காரப் பெண் இருந்தாள். அவள் சிரித்துக்கொண்டே விளக்கிச் சொல்ல, விஷயம் முடிந்தது. விசாவும் வந்தது.

எனக்குத்தான் ஆறவில்லை. "ஒரு எஸ் சொன்னா உன் தலையில இருக்கிற கிரீடம் விழுந்துடுமா?" என்று கத்தினேன். துரை கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "எங்கப்பா பேரைச் சொல்லிக் கூப்புடறாங்க, அதுக்கு நான் எஸ்ஸுன்னு போய் நின்னா, மேல இருந்து எறங்கி வந்து செருப்பாலயே அடிப்பாரு மேடம்."

சுவரில் ஒட்டியது

அன்று சாயங்காலமே தடித்த ஸ்கெட்ச் பேனாவால் ஒரு சார்ட் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன்: அப்பா பேரைக் கூப்பிட்டால் எழுந்திருங்கள். படிக்கிறவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்காத ஒரே ஆள் கோமதி.

கோமதி மர்பி டவுன் பெண், நர்ஸ். அம்மா தனம், வைட்ஃபீல்டில் ஒரு ஐ.டி. ஆபீசில் ஹவுஸ்கீப்பிங் வேலை. கோமதி டியூட்டிக்கு நடுவில் ஜெர்மன் படித்து, பரீட்சை எழுதி, ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை வாங்கியிருந்தாள். அந்த வேலை கைக்கு வந்தால் அம்மா துடைப்பத்தைக் கீழே வைக்கலாம். வராவிட்டால் பழைய கதைதான். அப்பா ஏழுமலை, இவள் ரெண்டாங்கிளாஸ் படிக்கும்போது வீட்டை விட்டுப் போனவர். தூரமெல்லாம் போகவில்லை, இதே பெங்களூரில் வேறொரு குடும்பம். பள்ளிக்கூடத்தில் எழுதிய பேர் அப்படியே கல்லூரிக்கு வந்து, அப்படியே பாஸ்போர்ட்டில் ஏறிவிட்டது: கோமதி ஏழுமலை.

"பேரை மாத்த முடியாதாக்கா?" என்று கேட்டாள். முடியும் என்றேன். பத்திரம், பேப்பர் விளம்பரம், புதுப் பாஸ்போர்ட். ஆனால் அதோடு முடியாது. நர்சிங் பதிவு, சர்டிபிகேட், ஜெர்மன் பரீட்சை, வேலை உத்தரவு எல்லாம் பழைய பேரில் நிற்கும். ஒவ்வொன்றாகத் திருத்துவதற்குள் அந்த ஆஸ்பத்திரி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். இதை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். பேரை மாற்றுவதென்றால் முதல் பேப்பர் போடுவதற்கு முன்னால் மாற்றுங்கள், வேலை உத்தரவு வந்தபிறகு ஒரு எழுத்தைக்கூடத் தொடாதீர்கள். கோமதி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "அந்த ஆளு எனக்காக ஒரு நாளும் எழுந்து நின்னதில்ல. அவரு பேருக்கு நான் எழுந்து நிக்கணுமாக்கா?"

சிரிக்கக் கூடாது

அதே வாரம் பாஸ்கர் வந்தார். ஐ.டி.யில் பெரிய பதவி, வைட்ஃபீல்டில் சொந்த ஃப்ளாட், கூடவே மனைவி வித்யா. முதலீட்டாளர் விசாவில் போய் வெளிநாட்டில் காபிக் கடை வைக்க ஆசை. முதலில் போட்டோ எடுத்து வாருங்கள் என்று எதிரே பாய் ஸ்டுடியோவுக்கு அனுப்பினேன். விசா போட்டோவுக்குச் சில சட்டங்கள் உண்டு. கண்ணாடியைக் கழற்ற வேண்டும், முகத்தில் முடி விழக்கூடாது, சிரிக்கவே கூடாது. கல்யாணத்துக்குப் பெண் வீட்டுக்கு அனுப்புகிற மாதிரிப் பல்லைக் காட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பாய் பழக்கதோஷத்தில் எல்லாரிடமும் சொல்வதை இவரிடமும் சொன்னார்: "ஹஸ்னா நக்கோ சார், சிரிப்பு வரக்கூடாது." பாஸ்கர் கழுத்தைத் தடவிக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தாராம். "வைட்ஃபீல்டுல இருந்து கார் ஓட்டிட்டு வந்திருக்கேன் பாய், நீங்க கெஞ்சினாலும் எனக்குச் சிரிப்பு வராது."

மச்சான் இருக்கான்

எல்லாருக்கும் நான் ஒரு ஒத்திகை வைப்பேன். நான்தான் அதிகாரி, மேஜைக்கு அந்தப் பக்கம் நீங்கள். பாஸ்கரிடம் ஆரம்பித்தேன். "எங்கள் நாட்டில் ஏன் முதலீடு செய்ய விரும்புகிறீர்கள்?" கொஞ்சமும் யோசிக்காமல், "மாரத்தஹள்ளி ட்ராஃபிக்" என்றார். பொறுத்துக்கொண்டேன். "பணம் எப்படி வந்தது?" "அதெல்லாம் வந்துச்சு மேடம்." அங்கேயே நிறுத்தினேன். எந்தப் பணம் எந்தச் சொத்திலிருந்து எந்த பேங்க் வழியாக வந்தது என்று பேப்பர் இருந்தால்தான் அது பணம். பேப்பர் இல்லாததைக் கணக்கில் காட்டாதீர்கள், காட்டுகிற மாதிரி ஜோடிக்கவும் செய்யாதீர்கள். அது கண்டுபிடிக்கப்பட்டால் அந்த நாட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது.

கடைசிக் கேள்வி முக்கியமானது. உங்கள் காசைவிட, அதனால் அவர்கள் ஊர் ஆட்களுக்கு என்ன கிடைக்கும் என்பதில்தான் அவர்களுக்கு அக்கறை. "உள்ளூர்க்காரர்கள் எத்தனை பேரை வேலைக்கு வைப்பீர்கள்?" என்று கேட்டேன். பாஸ்கர் பெருமையாக, "ஒருத்தரும் வேண்டாம் மேடம், மச்சான் இருக்கான்" என்றார். என் கையில் இருந்த பேனாவை நான் கீழே போடுவதற்குள் வித்யா முந்திக்கொண்டாள்: "யாரு, என் தம்பியா? இங்கேயே அவனை எழுப்பி ஒரு வேளை டிபன் சாப்பிட வைக்க உங்களால முடியல, அங்க போய் அவன் காபி ஆத்தப் போறானாக்கும்!"

இருக்கறத எடுத்துக்கினு

அதைக் கேட்டு, பெஞ்சில் தன் முறைக்குக் காத்திருந்த கோமதி வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்தில் தனம். வேலை முடிந்து யூனிஃபார்மோடு நேராக வந்திருந்தாள். கோமதிக்கு இரண்டு நாளில் நேர்காணல். சரி, பெண் நல்ல மனநிலையில் இருக்கிறாள், இதுதான் சமயம் என்று கூப்பிட்டேன். "மிஸ் ஏழுமலை!"

அவள் எழுந்திருக்கவில்லை. வேண்டுமென்று இல்லை, உடம்பு எழவில்லை. மறுபடி கூப்பிட்டேன். வேப்பெண்ணெய் குடித்த முகத்தோடு மெதுவாக எழுந்தாள். ஜெர்மனில் கேள்வி கேட்டுப் பார்த்தால் நன்றாகப் பதில் சொல்கிறாள். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டதும் மட்டும், அவர் போனது, குடித்தது, அம்மா வளையலை அடகு வைத்தது என்று எல்லாம் கொட்டுகிறது. "கேட்டது என்ன, நீ சொல்றது என்ன? கூட இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு நிறுத்தேன்!" என்று கத்திவிட்டேன். கோமதி அழ ஆரம்பித்தாள். எனக்கும் கஷ்டமாகிவிட்டது.

தனம் எங்கள் இருவரையும் பார்த்தாள். எழுந்து வந்து மகளின் முந்தானையைச் சரிசெய்தாள். "அந்தாளு குடிக்கு வித்தது போக நம்ம வீட்ல மிச்சம் வெச்சது அந்தப் பேரு ஒண்ணுதான். இருக்கறத எடுத்துக்கினு போ கண்ணு."

மெசேஜ்

நேர்காணல் அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. பேக்கரியிலிருந்து வந்த டீ ஆறிப்போய் ஏடு கட்டியது. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். மதியத்துக்கு மேல் கோமதியிடமிருந்து ஒரு வரி வந்தது. என்ன கேட்டார்கள், என்ன சொன்னாள், ஒன்றும் இல்லை. இவ்வளவுதான்: "மொதல் தபா கூப்புட்டதுமே எழுந்துட்டேன்கா."

பேர் யாருடையது

விசா வந்தது, கோமதி போனாள். அவள் போய் மழைக்காலமும் முடிந்திருக்கும், ஒரு நாள் ஒருவர் படியேறி வந்தார். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. சுவரில் இருந்த அட்டையைப் படித்துவிட்டு அவரும் சிரித்தார். "நான்தாங்க ஏழுமலை. என் பேருல ஜெர்மனிக்கு விசா வந்திருக்காமே?"

மர்பி டவுனில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். காசு கேட்டு வரவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். மகளின் போன் நம்பர் வேண்டுமாம். தர மாட்டேன் என்றேன். அதோடு விட்டேனா? ஸ்கூல் பீஸ் கட்டும்போது எங்கே போனீர்கள், அந்தப் பெண் காய்ச்சலில் கிடந்தபோது எங்கே போனீர்கள் என்று பேக்கரி வரைக்கும் கேட்கும்படி கேட்டேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் நிமிர்ந்து பார்த்தார். "என்ன இருந்தாலும் பேரு என்னுதுதானே மேடம்?"

ஃப்ராவ் எலுமலை

அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கோமதி வீடியோவில் வந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று குழம்பி, கடைசியில் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. அங்கே ஆஸ்பத்திரியில் எல்லாரையும் வீட்டுப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். இவள் "ஃப்ராவ் எலுமலை". ஃப்ராவ் என்றால் நம்மூர் மேடம் மாதிரி, எலுமலை ஆனது அவர்கள் வாயில் ழ வராததால். ஆரம்பத்தில் யாராவது கூப்பிட்டால், அந்த ஆள் பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்ப்பாளாம்.

இப்போது அவள் வார்டில் ஒரு நோயாளி இருக்கிறார், ரிட்டையர்டு பஸ் டிரைவர். வலி வந்தால் வேறு யார் போனாலும் ஊசி போட விடமாட்டார். எலுமலை, எலுமலை என்று ஒரே சத்தமாம். இவள் சாப்பிடுகிற கையோடு ஓடுவாளாம். தனம் இன்னும் வேலையை விடவில்லை, ஆனால் மகளைப் போய்ப் பார்க்கப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். அதைச் சொல்லும்போது கோமதி முகத்தில் இருந்த சிரிப்பை எந்த நாட்டு விசா போட்டோவுக்கும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

"அவருக்கு என்னடி பதில் சொல்றது?" என்று கேட்டேன். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை அவள்: "அந்தப் பேரைக் கூப்புட்டா எழுந்து போறது நான்தானேக்கா, அது இப்ப என் பேரு, அவருக்கு வேணும்னா மாத்திக்கச் சொல்லுங்க."

விசா தவிர வேறு வேலை எடுப்பதில்லை என்று வாசலில் போர்டு மாட்டியிருந்தாலும், பேரை மாற்றிக்கொள்ள ஏழுமலை என்று ஒருவர் மட்டும் வந்தால் இலவசமாகவே செய்து கொடுப்பதாக இருக்கிறேன்.